ஏட்டில் படியெடுத்த ஊரும் நூலகத் தந்தையும்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ள திருமழபாடி, தேவார மூவராலும் பாடப்பெற்ற பெருமைக்குரியது. திருவாலம்பொழிலில் துயில்கொண்டிருந்த சுந்தரரின் கனவில் இறைவன் தோன்றித் தம் மழபாடிக்கு வருதலை மறந்தனையோ என்று வினவியதாகவும், விழித்தெழுந்த சுந்தரர் ஆற்றைக் கடந்து இவ்வூரை அடைந்து பதிகம் பாடியதாகவும் பெரியபுராண மரபு கூறும். மறதியை நினைவூட்டி ஒரு பதிகத்தைப் பெற்ற ஊர் இது. இவ்வூரின் கல்வெட்டொன்றும் மறதியைத் தடுக்கும் முயற்சியாகவே அமைந்துள்ளது என்பது எண்ணி மகிழத்தக்கது.

முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013ஐ ஒட்டி, திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பழைய விமானத்தின் சுவர்களில் முன்னோர் வெட்டுவித்த கல்வெட்டுகள் பல இருந்தன. நிலக்கொடை, விளக்குக்கொடை முதலியவற்றின் சான்றுகள் அவை. சுவரைப் பிரித்தால் சான்றுகளும் சிதறும். ஆதலின் கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னர் அவ்வெழுத்துகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக் கொள்ளுமாறு மன்னன் பணித்தான். கட்டுமானம் நிறைவெய்தியபின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1026ஐ ஒட்டி, படியெடுத்தவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பெற்றன. ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஓர் ஊரின் நினைவு முழுதும் ஏட்டிலே தங்கியிருந்தது! அந்த ஏட்டைக் கறையானும் ஈரமும் அணுகாமல் ஒருவர் காத்திருக்க வேண்டும். எந்தச் சாசனம் எந்த இடத்துக்குரியது என்னும் ஒழுங்கு குலையாமல் ஒருவர் அடுக்கி வைத்திருக்க வேண்டும். கேட்டபோது எடுத்துக் கொடுத்திருக்கவும் வேண்டும். கோயில் கட்டிய மன்னனைப் போற்றாத நாவில்லை. ஏட்டைக் காத்தவரைப் பற்றியோ பேச்சே இல்லை.

இராசராசனின் இவ்வாணை கட்டடக் கலை வரலாற்றிலும் கல்வெட்டியலிலும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. நூலக வரலாற்றிலும் இதற்கு இடமளித்தல் வேண்டும். காத்தல், ஒழுங்குசெய்தல், உரியவர்க்கு உரிய பொழுதில் வழங்கல் ஆகிய மூன்றும் கூடிய தொழில் நூலகர் தொழிலன்றி வேறில்லை. அத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்து, உலகம் முழுவதும் அதனை ஒரு துறையாக மதிக்கச் செய்தவர் இதே கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஊரில் பிறந்தவர் என்பது தமிழர் நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தியாகும்.

திருமழபாடியைக் கடந்து கிழக்கே ஓடும் கொள்ளிடம் கடலை அணுகுமிடத்தில் வடபால் தில்லையும் தென்பால் சீர்காழியும் விளங்குகின்றன. அச்சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இராமாமிருத ஐயருக்கும் சீதாலட்சுமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் சீ.இரா. அரங்கநாதன். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். இளமையில் திக்குவாய் அவரைத் துன்புறுத்தியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் எட்வர்டு ராஸ். மாணவர் ஆசிரியரை வாழ்நாள் முழுதும் போற்றினார். பின்னர் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். மாணாக்கரை வினவ வைத்து, அவர்களையே தேட வைத்துக் கற்பிக்கும் முறை அவருடையது. திக்குவாயோடு வளர்ந்தவர் வகுப்பறையில் புகழ் பெற்றார் என்றால், அதன் பின்னுள்ள உழைப்பை ஆசிரியப் பணியில் இருப்போர் எளிதில் உணர்வர்.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியபோது அப்பதவிக்கு அவரும் விண்ணப்பித்தார். நூலகம் பற்றி அவர் அறிந்தது, நேர்காணலுக்குச் சற்று முன்னர்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் படித்த கட்டுரை அளவே என்று சொல்லப்படுகிறது. 1924ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பொறுப்பேற்றார். வந்து சேர்ந்த சில நாள்களிலேயே அந்தத் தனிமை அவருக்குப் பொறுக்கவில்லை. மாணாக்கர் முகம் காணாத பணி, நாள் முழுதும் ஆளரவமற்ற அறை. மீண்டும் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று பழைய அதிகாரிகளை வேண்டிக்கொண்டார். அவர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கற்று வருக, அதன்பின்னும் விருப்பமில்லையேல் கணிதப் பணி காத்திருக்கும். அந்த நிபந்தனை மட்டும் இல்லாதிருந்தால் தமிழகத்துக்கு இன்னொரு நல்ல கணிதப் பேராசிரியர் கிடைத்திருப்பார். நூலகவியல் வேறு வழியில் சென்றிருக்கும்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கிராய்டன் நகர நூலகத் தலைவரும் அவரே. வகுப்பறையில் கற்றதினும் ஊர் ஊராகச் சென்று நூலகங்களைக் கண்டு கற்றதே அரங்கநாதனுக்கு மிகுதி. அங்கே சிறுவர்க்கென ஒரு பகுதி, தொழிலாளர்க்கென மாலைப் பொழுது, வீட்டுக்கு நூலை எடுத்துச் செல்லும் இல்லத்தரசியர் ஆகியவற்றைக் கண்டார். நூலகம் கற்றோர் சிலரின் சேமிப்பறையன்று, ஊரையே கற்கச் செய்யும் கருவி என்னும் தெளிவு அப்பொழுது பிறந்தது. கணிதத்துக்குத் திரும்பும் எண்ணம் கிராய்டனிலேயே கழிந்தது எனலாம்.

மற்றொன்றும் அங்கே நிகழ்ந்தது. நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்கும் அக்கால முறைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. பெரும்புகழ் பெற்ற தியூயி முறை அறிவுலகம் முழுவதையும் பத்துக் கூறாக்கி, அவற்றை மேலும் மேலும் பத்தாக்கிச் செல்வது. அம்முறையில் ஆங்கில இலக்கியம் 820 என்னும் நிமிர்ந்த எண்ணைப் பெற்றது. ஈராயிரம் ஆண்டு மரபுடைய தமிழிலக்கியமோ ‘பிற மொழிகள்’ என்னும் கொட்டிலில் 894.811 என ஒடுங்கிற்று. சங்கத்தொகையும் சிலம்பும் கம்பனும் புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இலக்கத்தில் நிற்க வேண்டிய நிலை! வகுப்பவன் எந்தத் திண்ணையில் அமர்ந்து உலகத்தைக் காண்கிறானோ அந்தத் திண்ணையே நடுவாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இலண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அரங்கநாதன் கண்டார். சில துண்டுகள், சில திருகாணிகள். அவற்றைக் கொண்டே பாலமும் செய்யலாம், வண்டியும் செய்யலாம். நூலின் பொருளையும் இவ்வாறு சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது கோத்துக்கொண்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். கூறுகளைக் கோக்கும் திருகாணியாக முக்காற்புள்ளிக் குறி பயன்பட்டது. 1925இல் தாயகம் திரும்பும்பொழுது கப்பல் நூலகத்தின் நூல்களையே தம் முறைப்படி அடுக்கிப் பார்த்தார் என்பர். 1933இல் கோலன் பகுப்புமுறை நூலாக வெளிவந்தது. அம்முறையில் தமிழிலக்கியத்தின் எண் இலக்கியத்தைக் குறிக்கும் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தும் 31 என்னும் இரண்டே இலக்கமும் ஆகும். திராவிட மொழிகளுக்கு 3. அவற்றுள் முதலாவதாகத் தமிழ். ஒதுக்கத்திலிருந்து தமிழ் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதனை அவர் மொழிப்பற்று என்று முழங்கியதில்லை. தருக்கத்தை ஒழுங்காகப் பின்பற்றினால் நீதியும் உடன்வரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எப்பொருளையும் ஐந்து அடிப்படைக் கூறுகளாக நோக்கலாம் என்று பின்னர் அவர் தெளிவுபடுத்தினார். பொருளின் தனித்தன்மை, அதன் மூலப்பண்டம், அதன்மேல் நிகழும் வினை, இடம், காலம் என்பன அவை. ‘சோழநாட்டில் 20ஆம் நூற்றாண்டில் நெற்பயிர் நோயைத் தடுத்தல்’ என்று ஒரு நூல் இருப்பதாகக் கொண்டால், நெல், நோய், தடுத்தல், சோழநாடு, நூற்றாண்டு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே எண் பெற்று ஓரிடத்தில் இணையும். தமிழ் பயின்றோர்க்கு இதனைக் கண்டவுடன் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அவற்றில் தோன்றுவன கருப்பொருள் எனவும், ஒழுக்கம் உரிப்பொருள் எனவும் பிரித்து, ஒரு பாட்டைத் திணைக்குள் வைத்துக் காட்டிய மரபன்றோ நம்முடையது? அரங்கநாதன் தொல்காப்பியம் கண்டே இதனை வகுத்தார் என்று கூறுவது மிகை, அதற்குச் சான்றில்லை. எனினும் இடத்தையும் காலத்தையும் கைவிட்டு எப்பொருளையும் அறிய இயலாது என்னும் தெளிவு இருவழியிலும் ஒன்றாய் இருத்தல் கவிஞர்கள் சுவைக்கத்தக்கது.

கோலன் முறைக்குக் குறையும் உண்டு. அதன் குறியீடுகள் நீண்டு சிக்கலாகும். பயிற்சியற்ற பணியாளர்க்கு அது பிடிபடாது. பதிப்புத்தோறும் விதிகள் மாறியமையால் அதனை ஏற்ற நூலகங்கள் இடர்ப்பட்டன. இந்திய நூலகங்களிலேயே பல தியூயி முறையையே கைக்கொண்டுள்ளன. ஆயினும் கூறுபடுத்திக் கோக்கும் அவருடைய கொள்கையை 1952இல் இலண்டனில் தோன்றிய பகுப்பாய்வுக் குழுவினர் ஏற்று வளர்த்தனர். பயிரினும் விதை தொலைவு சென்றது.

பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பணியாற்றிய 20 ஆண்டுகளின் உழைப்பு வியப்பூட்டுவது. நாள்தோறும் 13 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் அவர் அங்கிருந்தார். பூட்டிய அடுக்குகளைத் திறந்து, படிப்பவரே நூலைத் தொட்டுத் தேரும் முறையைக் கொணர்ந்தார். நூல் களவுபோகும் என்று அஞ்சியவர்கள் பலர். களவைவிடப் படிக்கப்படாமையே நூலுக்கு நேரும் பெருங்கேடு என்பது அவர்தம் துணிபு. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டு நூலகர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1931இல் பல்கலைக்கழகமே அப்பயிற்சியை ஏற்றுக்கொண்டது. எழுத்தர் வேலை என்று எண்ணப்பட்டதைக் கற்றுத் தேர வேண்டிய தொழிலாக உயர்த்திய முதற்படி அது.

புகழ்பெற்ற ஐந்து விதிகளும் அந்த 1928ஆம் ஆண்டிலேயே உருப்பெற்றன. அவ்வாண்டில் அவருடைய முதல் மனைவி ருக்மிணி அம்மையார் மறைந்தார். துயரையும் சிந்தனையையும் ஒருங்கே சுமந்த ஆண்டு அது. நூலகப் பணிகள் நூறாயிரமாக விரிந்து கிடக்க, அவற்றையெல்லாம் அடக்கும் சில அடிப்படைகளைக் கணிதரின் மனம் தேடியது. அத்தேட்டத்தைக் கேட்ட ஆசிரியர் ராஸ், நூல் இருப்பதே பயன்படுவதற்காகத்தான் என்று சொல்லித் தொடங்கி வைத்ததாக அரங்கநாதனே நன்றியுடன் நினைவு கூர்ந்துள்ளார். எஞ்சியவை மளமளவென்று வந்தன. வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றற்கும் உரிய வாசகரும் வாய்த்தல் வேண்டும்; வாசகரின் காலம் வீணாகலாகாது; நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் போன்றது. சாரம் இவ்வளவே. இவற்றை விரிக்கும் நூல் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. நூல் ஒவ்வொன்றற்கும் ஒரு வாசகர் என்னும் விதி கவிஞர்களுக்காகவே வகுத்ததுபோல் தோன்றும். எங்கோ ஓரூரில் தன் கவிதைக்குரிய ஒருவர் காத்திருக்கிறார் என்னும் நம்பிக்கையன்றோ எழுதுவோரை எழுதவைப்பது?

அந்த 1931இலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். பொறியாளரான அவர் தாமே முயன்று நடத்திய நடமாடும் நூலகம் அது. அரங்கநாதன் அதனை ஊக்குவித்தார். நெல் ஏற்றிய தடத்தில் நூல் ஏற்றிய வண்டி ஒன்று, மாட்டின் கழுத்துமணி ஒலிக்கத் தெருவில் வந்து நின்ற காட்சியை எண்ணிப் பார்த்தல் இனிது. வண்டிக்கு வழிகாட்டியவர் பெயர் நிலைத்த அளவு, வண்டி கட்டியவர் பெயர் நிலைக்கவில்லை.

தனிமனிதர் ஈகையால் மட்டும் நூலகம் நிலைக்காது என்பதை அரங்கநாதன் அறிந்திருந்தார். சட்டம் வேண்டும், சட்டத்தில் நிதிக்கு வழி வேண்டும். 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகச் சட்ட மாதிரி ஒன்றை முன்வைத்தார். அது நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபொழுது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் பொது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்பெற்று, மாவட்டந்தோறும் அமையும் நூலக ஆணைக்குழுவுக்குச் சேரும் ஏற்பாடு அதில் இருந்தது. ஒரு குடும்பம் ஓராண்டில் செலுத்தும் சில காசுகள். அவை கூடி ஊர்ப்புறம்வரை நூலகங்களாக வளர்ந்தன. ‘நூலக ஆணை கிடைத்ததா’ என்று தமிழ்க் கவிஞர் ஒருவர் மற்றவரை வினவும்போது, அவர்தம் தொகுப்பு அச்சுக்கூலியை மீட்குமா என்பதே வினாவின் உட்பொருள். அந்த ஆணைக்குப் பின்னே 1948இன் சட்டமும், அதன் பின்னே 1930இல் காசியில் பேசிய ஒரு நூலகரின் பிடிவாதமும் நிற்கின்றன. ஆணை கிடைக்காதவர்களின் மனக்குறையும் பொய்யன்று. தேர்வு முறை பற்றிய பூசல்கள் நெடுங்காலமாக உள்ளன. அவை வேறு கட்டுரைக்குரியவை.

சென்னைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், துணைவேந்தர் இராதாகிருஷ்ணனின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஏறத்தாழ 1,00,000 நூல்களைத் தனியொருவராகப் பகுத்து அடுக்கினார். வயது அப்பொழுது ஐம்பதைக் கடந்திருந்தது. பின்னர்த் தில்லி, சூரிச்சு, உச்சயினி, பெங்களூர். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். பட்டங்களும் வந்தன. தில்லிப் பல்கலைக்கழகம் 1948இலும் பிட்சுபர்க்குப் பல்கலைக்கழகம் 1964இலும் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. 1957இல் பத்மசிறீ, 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர். இவற்றை விரிக்க வேண்டுவதில்லை. தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயை, நூலகவியலுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி அமையும்பொருட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார் என்பதுதான் விரித்துரைக்கத்தக்கது. அப்பதவிக்குத் தம் பெயரோடு, தம் உழைப்பு நாள்களையெல்லாம் பொறுத்துக் குடும்பம் நடத்திய இரண்டாம் துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் இணைத்தார். 13 மணி நேரம் நூலகத்தில் இருந்தவரின் வீட்டை யார் காத்தது என்னும் வினாவுக்கு அவரே எழுதிய விடை அது. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். இந்திய நூலகர்கள் ஆகஸ்டு 12ஆம் நாளை நூலகர் நாளாகக் கொண்டாடுகின்றனர். 1992இல், நூற்றாண்டின்போது, அஞ்சல்தலை வெளியாயிற்று. தமிழக அரசு நல்நூலகர்களுக்கு அவர் பெயரில் விருது வழங்குகின்றது.

அவர் கைபட்ட இன்னொரு நூலகத்தைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவெய்தாது. யாழ்ப்பாணத்தில் 1933ஐ ஒட்டிக் கே.எம். செல்லப்பா என்னும் தனிமனிதர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூலகம், ஊராரின் கொடையால் வளர்ந்து பொதுநூலகமாயிற்று. லோங் அடிகளார் முன்னின்று உழைக்க, புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. சென்னைக் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் வரைபடம் வகுக்க, நூலக அமைப்புக்கு அறிவுரை வழங்கியவர் அரங்கநாதன். 1959இல் அது திறக்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் அது எரியூட்டப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. எரியும் தீயைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார் என்பது யாழ்ப்பாணம் மறவாத செய்தி.

அங்கே படியெடுக்கப் பொழுதில்லை. திருமழபாடியில் பொழுது இருந்தது. கல்லைத் தொடுவதற்குமுன் ஏட்டைத் தேடிய மனமும் இருந்தது. இராசேந்திரன் காலத்தில் மீண்டும் பொறிக்கப்பெற்ற அவ்வெழுத்துகளைக் கல்வெட்டுத் துறையினர் 1895இல் மறுபடியும் படியெடுத்தனர். இம்முறை மையும் தாளும் கொண்டு.